முன்னணையும் மாட்டுக்காடியும்

மதுரையில் கிறிஸ்து பிறப்புத் திருநாள் மார்கழி ஒன்பதிலோ பத்திலோ வருகிறது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கிகளில் ஆண்டாளும் மாணிக்கவாசகரும் ஒலிக்கிறார்கள். இரவானால் அதே தெருக்களில் டோலக்கும் கிதாரும் தூக்கிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும் பிள்ளைகளின் குரல் கேட்கிறது. ஒரு வீட்டு வாசலில் அவர்கள் நிற்பது ஐந்து நிமிடம். அதற்குள் ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், வீட்டார் தரும் கேக் அல்லது முறுக்கு, அடுத்த வாசல். அந்த ஐந்து நிமிடத்தில் பாடப்படும் பாட்டு பெரும்பாலும் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ஜெர்மனியிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்த ராகத்தில் தமிழ்ச் சொற்களை ஏற்றிய ஞானப்பாட்டு. நூறு, இருநூறு ஆண்டுப் பழமையுள்ள கீர்த்தனை. அல்லது அந்த ஆண்டு ஊரே முணுமுணுத்த சினிமா மெட்டில் யாரோ ஒரு வாலிபர் எழுதிச் சேர்த்த புதுப்பாட்டு. ஒவ்வொரு டிசம்பரிலும் நூற்றுக்கணக்கில் புதுப்பாட்டுகள் எழுதப்படுகின்றன. அவற்றில் எதை நம்முடைய சொந்தப் பாட்டு என்று சொல்லலாம்? இன்றைய பேச்சு இந்த ஒரு கேள்வியைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராகம் எங்கிருந்து வந்தது, சொல்லை எழுதியது யார் என்பவை இரண்டாம் பட்சம். கிறிஸ்துவாகிய அந்தப் பிள்ளை எந்த வீட்டில், எந்தத் தரையில், யார் கையில் பிறந்தது என்பதை எழுதியவர் தன் ஊர்க் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. பார்த்திருந்தால் பாட்டு சொந்தம். பார்க்காமல் எழுதினால், பூபாளத்தில் பாடினாலும் தெம்மாங்கில் பாடினாலும் அது இரவல்தான்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றித் தாய் எங்கே கிடத்தினாள்? பழைய தமிழ் வேதாகமம் 'முன்னணை' என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'தீவனத் தொட்டி' என்கிறது. முன்னணை நல்ல பழந்தமிழ்ச் சொல். ஆனால் இன்று அது கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வெளியே எங்கும் புழங்குவதில்லை. அதனால் காதில் விழும்போது அது ஏதோ ஒரு புனிதமான மெத்தை போலத் தோன்றிவிடுகிறது. அணை என்பது படுக்கைக்கும் பெயராயிற்றே. தீவனத் தொட்டி பொருளைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் மாட்டுப் பண்ணைக்கான அரசாங்க அறிக்கையில் வரும் சொல்லைப் போல இருக்கிறது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் மாடு வளர்க்கிறவர்கள் அதைக் காடி என்பார்கள். காடி என்றதும் கண்ணுக்கு என்னவெல்லாம் வருகிறது! மாட்டின் எச்சில் காய்ந்து வழவழப்பான விளிம்பு, மூலையில் ஒட்டிய கூளம், மூத்திர வாடை, சுற்றி மொய்க்கும் ஈ. அங்கே ஒரு பச்சைப்பிள்ளையைக் கிடத்த வேண்டி வந்தால், தாய் முதலில் அதைத் தன் முந்தானையால் துடைத்திருப்பாள். 'முன்னணை' என்று எழுதியவருக்கு அந்த முந்தானை தென்படாது, 'காடி' என்று எழுதியவருக்குத் தென்படாமல் போகாது. நான் சொல்லும் பார்வை என்பது இதுதான். முன்னணையைப் பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பல தலைமுறை அந்தச் சொல்லில் அழுதிருக்கிறது, சிரித்திருக்கிறது. புதிதாக எழுத உட்காருகிறவர் ஒரு முறையாவது காடியைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

மொழிபெயர்ப்புப் பாட்டுகளின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1706இல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சில ஆண்டுகளுக்குள் லுத்தரன் சபைப் பாடல்கள் தமிழாகத் தொடங்கின. அந்த வரிசையில் மிகப் பெரிய உழைப்பு மிஷனரி பப்ரிசியஸ் ஐயருடையது. அவருடைய பாடல் தொகுதி 1774இல் வெளிவந்தது. ஜெர்மன் ராகம் ஒன்றை அசைக்கு அசை எண்ணித் தமிழைப் பொருத்துவது எவ்வளவு கடினம் என்பது, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐரோப்பிய ராகங்கள் சொல்லின் அழுத்தத்தை நம்பி நிற்பவை. எந்த அசையை அழுத்திச் சொல்கிறோமோ அங்கே தாளம் விழும். தமிழ் அளவை நம்பி நிற்கும் மொழி. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. அந்த அளவை மாற்றினால் சொல்லே மாறிவிடும். 'மரி' என்ற பெயரின் முதல் எழுத்தில் ராகம் நீண்டு நின்றால் பாடுகிறவர் வாயில் அது 'மாரி' ஆகிவிடுகிறது. மரியன்னை மழையாகிறாள், அல்லது மாரியம்மன் ஆகிறாள். 'படு' என்று பிள்ளையைத் தூங்கச் சொல்லும் இடத்தில் குரல் நீண்டால் 'பாடு' என்று கேட்கிறது. 'பாடு' என்பதற்குத் துன்பம் என்றும் பொருள் உண்டு. நம் தாலாட்டுகள் இந்தத் தவறைச் செய்வதில்லை. அங்கே இழுப்பெல்லாம் ஆராரோ, ஆரிரரோ என்ற பொருளற்ற நெடில்களில் விழும். பொருள் உள்ள சொற்கள் தம் அளவில் நடந்துபோகும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் எந்த இலக்கணமும் கற்காமல் கண்டுகொண்ட ஒழுங்கு இது.

எதுகையிலும் இதே சிக்கல்தான். ஐரோப்பியப் பாட்டில் ஓசை ஒப்பு அடியின் கடைசியில் வரும். தமிழில் அடியின் தலையில் வரும். நம் வாக்கியம் வினையில் முடிகிற வாக்கியம். கடைசியில் ஒப்பு வேண்டுமென்றால் பிறந்தாரே, வந்தாரே, தந்தாரே என்று வினைமுற்றுகளை அடுக்குவதைத் தவிர வழியில்லை. இன்றைக்கும் புதிதாக எழுதப்படும் கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பாதி இந்த 'ஆரே'யில் முடிவதற்குக் காரணம் முந்நூறு ஆண்டு மொழிபெயர்ப்புப் பழக்கம். எழுதுகிறவர்கள் தமிழில்தான் யோசிக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள அச்சு மட்டும் வேறு ஊரில் வார்த்தது. பப்ரிசியஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வந்த இடத்து மொழியை வாழ்நாள் முழுக்கக் கற்ற மனிதர் அவர், கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் விட்ட இடத்திலேயே நாம் நிற்பதுதான் குறை.

அந்த இடத்திலிருந்து நகர்ந்தவர்களில் ஒருவருக்கு மதுரையோடு நேரடித் தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். அந்த மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழ் இசையில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் திரட்டி 1853இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதில் பெரும்பங்கு தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாருடையது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, இரண்டாம் சரபோஜி மன்னருக்கு ஒருசாலை மாணவராக இருந்த அந்தப் பெரும்புலவர் அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1800ஐ ஒட்டி அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சியில், தென்பாண்டி நாட்டில் மணந்துகொண்டிருந்த குறவஞ்சி வடிவத்தை அப்படியே எடுத்து, தலைவியாகிய தேவமோகினியைத் திருச்சபையாக்கி, மலைக்குறத்தியின் குறி சொல்லலையே விசுவாசத்தின் பேச்சாக்கிவிட்டார். பெத்லகேமுக்குப் போகும் வழியில் குற்றாலத்துக் குறத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டவர் அவர். வெப் செய்தது தொகுப்பு வேலைதான், ஆனால் அதன் விளைவு பெரிது. கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வரும். புத்தகம் இல்லாதவர், எழுத்தறியாதவர் இரண்டாம் சுற்றிலேயே கூடப் பாடிவிடலாம். அந்தக் காலக் கிராமச் சபைகளில் எழுத்தறியாதவர்கள்தான் மிகுதி. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே பணியாற்றி, பிறகு தஞ்சைக்குப் போய் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற மாபெரும் இசைநூலைத் தந்த ஆபிரகாம் பண்டிதரும் இந்த வளர்ச்சியின் பிள்ளைதான்.

இத்தோடு கதையை நிறுத்தினால் இனிமையாக முடியும்: மேல்நாட்டுப் பாட்டு இரவல், கீர்த்தனை சொந்தம். பலர் இப்படித்தான் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நேர்மையாகப் பார்த்தால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தஞ்சைச் சபையில் சாதி வேற்றுமையை ஒழிக்க வேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகள் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்து 1829இல் எழுதியவர் இதே வேதநாயகம் சாஸ்திரியார். அந்தச் சண்டையில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தமிழ்ப் பாட்டைக் கோயிலில் பாடும் உரிமையை அவர் கேட்டார். அதில் நியாயம் இருந்தது. வேளாளர் தனியே அமரும் உரிமையையும் கேட்டார். அதில் நியாயம் இல்லை. அவர் பாட்டின் அழகு இதனால் குறைந்துவிடாது. ஆனால் 'நம் இசை' என்று சொல்லும்போது அந்த 'நாம்' யார் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனை, சேரியிலிருந்து சபைக்கு வந்த பெரும்பான்மை மக்களுக்கு ஜெர்மன் ராகத்தைவிட நெருக்கமானது என்று யார் முடிவு செய்தது? அவர்களிடம் பாட்டு இல்லையா? நாற்று நடும்போதும், களை எடுக்கும்போதும், பிள்ளை அழும்போதும், சாவு விழும்போதும் அவர்கள் பாடிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்தப் பாட்டெல்லாம் சபையின் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கப்பட்டது.

வாசலில் விட்டதை உள்ளே கொண்டுவந்தவர் மதுரையில் வாழ்ந்தார். அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு அவர். 1940இல் பிறந்து 2005இல் மறைந்தார். அவரைப் பறட்டை அண்ணன் என்றால் தென்தமிழ்நாட்டின் கிராமச் சபைகளில் இன்னும் தெரியும். அதே கல்லூரியில் எம். தாமஸ் தங்கராஜ் போன்றவர்களும் புதிய தமிழ்ப் பாடல்களை எழுதி இசையமைத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்து பிறப்பை ஊர்ப் பிரச்சினையோடு சேர்த்துப் பாடுவது அந்த வளாகத்தில் இயல்பாக இருந்தது. அப்பாவு ஒரு படி மேலே போனார். ஞாயிறு ஆராதனை முழுவதையுமே நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத்தமிழிலும் அமைத்தார். அவர் இறையியலின் நடுவில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது: ஒரே உலை. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து தின்பதுதான் இறையாட்சி. தனித்தனி உலை வைப்பதுதான் சாதி. இசையைப் பற்றி அவர் வைத்த வாதம் அதைவிடக் கூர்மையானது என்று நினைக்கிறேன். மேல்நாட்டுப் பாட்டை நோட்டு கட்டிப்போடுகிறது, கீர்த்தனையை இலக்கணம் கட்டிப்போடுகிறது. கிராமத்துப் பாட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். நடவு நடுகிற பெண் ஒருத்தி ஒரு வரியை மாற்றிப் பாடினால் அவளைத் தவறு என்று சொல்ல ஆளில்லை. அந்த மாற்றும் உரிமை கையில் இருக்கிறவரைக்கும்தான் பாட்டு மக்களுடையது என்றார் அவர்.

அவர் காலத்திலும் பிறகும் நாட்டுப்புற இசைக்கு எழுந்த மறுப்பு ஒன்று உண்டு. பறை சாவு வீட்டு மேளம், அதை எப்படிப் பிறப்பு வீட்டுக்குக் கொண்டுவருவது என்பது. மதுரைப் பக்கம் தப்பு என்று சொல்லப்படும் அந்தக் கருவியைப் பற்றிச் சபைக்குள்ளேயே இப்படிக் கேட்டவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தால் கேட்கவில்லை. நல்ல நாளில் நல்ல ஓசை வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் தப்பு சாவுக்கு மட்டும் அடிக்கப்பட்ட கருவி இல்லை. கோயில் கொடைக்கும் அடிக்கப்பட்டது, ஊரைக் கூட்டிச் செய்தி சொல்லவும் அடிக்கப்பட்டது. சாவோடு மட்டும் அதைக் கட்டிவைத்தது ஓசையைப் பற்றிய தீர்ப்பு அன்று, அடித்த கைகளைப் பற்றிய தீர்ப்பு. லூக்கா எழுதிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் செய்தி முதலில் யாரிடம் போனது? இரவில் ஊருக்கு வெளியில் தங்கி ஆடு காத்தவர்களிடம். ஊரைக் கூட்டிச் செய்தி சொல்லும் வேலை அன்றிரவு அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. நம் ஊரில் அந்த வேலைக்குரிய கருவி எது என்று கேட்டால், தப்பைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அப்பாவுவின் வாதத்தை ஒரு சூத்திரமாக்கிவிடக் கூடாது. நாட்டுப்புற மெட்டில் அமைத்துவிட்டால் போதும், பாட்டு சொந்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கும்மி மெட்டில் 'விண்ணக வேந்தே, மன்னவர் மன்னா' என்று அடுக்கிக்கொண்டு போனால் உடுப்புதான் மாறுகிறது. அதைப் போலவே, சினிமா மெட்டில் எழுதியதால் ஒரு பாட்டு மட்டம் என்று சொல்வதும் சரியில்லை. வர்ணமெட்டு எடுத்துப் பாடுவது தமிழில் பழைய பழக்கம். முன்பே புழக்கத்திலிருந்த மெட்டுக்குப் புதுச் சொல் போட்டவர்கள் நம் கீர்த்தனைக்காரர்களிலும் உண்டு, காவடிச் சிந்து பாடியவர்களிலும் உண்டு. அதுமட்டுமன்றி, பண்ணைப்புரத்து இளையராஜா 1976இல் அன்னக்கிளியில் நுழைந்த பிறகு, வைகைக்கரை நாட்டுப்புற மெட்டுகளில் பல சினிமா வழியாகத்தான் நகரத்துப் பிள்ளைகளின் காதுக்குத் திரும்பி வந்தன. ஆக, மெட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் பண்டம். அதை வைத்துச் சொந்தத்தை அளக்க முடியாது.

பிறகு எதை வைத்து அளப்பது? மதுரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும் கடவுளைக் குழந்தையாகப் பாடுவதில் உலகத்தில் வேறெந்த நிலத்துக்கும் குறைந்தவை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டதும், காது குத்தியதும், நீராட்டியதும் பாடினார். மதுரையாகிய கூடல் நகரில் இறைவன் காட்சி தந்தபோது அவர் வரம் ஒன்றும் கேட்கவில்லை, இறைவனுக்குக் கண்பட்டுவிடுமே என்று பதறிப் பல்லாண்டு பாடினார் என்பது மரபு. கடவுளுக்கே காவல் வேண்டும் என்று நினைக்கிற அந்தத் தாய்மனம் இந்த ஊரில் பாட்டாகியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தையின் மாதங்களை எண்ணி எண்ணிப் பாடும் வடிவம் அது. தலை நிமிர்த்தும் மாதம் எது, கைகொட்டும் மாதம் எது, நிலாவைக் கூப்பிடும் மாதம் எது என்று கடவுளின் வளர்ச்சியை ஒரு பாட்டியைப் போலப் பார்க்கிற இலக்கணம் வேறெங்கே இருக்கிறது? இதைக் கிறிஸ்தவர்கள் காணாமல் இல்லை. அருள் செல்லத்துரை 1985இல் இயேசுபிரான் பிள்ளைத்தமிழ் எழுதினார். ஆனால் கேரல் பாட்டுக்குள் இந்தச் செல்வம் இன்னும் சரியாக இறங்கவில்லை. அங்கே பிள்ளை பிறந்ததும் இராஜாவாகிவிடுகிறார். பத்து வரிக்குள் சிலுவையும் வந்துவிடுகிறது. பிள்ளை பிள்ளையாக இருக்க ஒரு சரணம்கூடக் கொடுப்பதில்லை.

பெத்லகேம் எங்கே, மதுரை எங்கே, நடந்த கதையை ஊருக்கு ஊர் மாற்றலாமா என்ற மறுப்பு இங்கே வரும். வர வேண்டிய மறுப்புதான். சரித்திரத்தில் ஓர் ஊரில், ஓர் ஆட்சியில் நடந்தது என்று சொல்வதே இந்த விசுவாசத்தின் பலம். அதைக் கரைத்துவிடக் கூடாது. ஆனால் வேற்றூர்க் கதையை உள்ளூர்க் கண்ணால் பார்ப்பது கதையை மாற்றுவது ஆகாது. கத்தோலிக்க மதுரை மிஷனில் உழைத்த இத்தாலியர் வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்டது. அதன் நாட்டுப் படலத்தில் யூதேயா நாடு தமிழ் மருத நிலமாகவே விரிகிறது. நீர் நிறைந்த வயல், தாமரை, நெல். வறண்ட குன்றுகள் நிறைந்த யூதேயா அப்படி இருந்திராது என்பது இத்தாலியருக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தார். நாடு என்று பாடினால் தமிழ்க் காது எதைக் கேட்க விரும்பும் என்பதும் தெரிந்துதான் செய்தார். பிறநாட்டவர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்ட அந்த உரிமையை, இந்த மண்ணிலேயே பிறந்த நாம் எடுத்துக்கொள்ளத் தயங்குகிறோம்.

இன்னொரு மறுப்பு பாசத்திலிருந்து வருவது. மொழிபெயர்த்த பாட்டுகளில் எங்கள் உயிர் இருக்கிறது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அமைதியான இரவைப் பாடும் அந்த ஆஸ்திரியப் பாட்டைப் பாடாமல் கிறிஸ்துமஸ் இரவு உண்டா என்பார்கள். உண்மை, இல்லை. ஆனால் அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ப் என்ற ஆற்றங்கரை ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று அது முதலில் பாடப்பட்டது. சொல் எழுதியவர் யோசப் மோர், அந்தச் சிற்றூரின் உதவிப் பங்குத்தந்தை. மெட்டுப் போட்டவர் பிரான்ஸ் குரூபர், பக்கத்து ஊர் வாத்தியார். இரண்டு குரல், ஒரு கிதார். கோயிலின் மொழி லத்தீனாக இருந்த காலத்தில் அவர்கள் ஊராரின் ஜெர்மனில் பாடினார்கள். நெப்போலியன் போர்கள் ஓய்ந்து மக்கள் களைத்துக் கிடந்த ஆண்டுகள் அவை. அந்த அமைதியை அவர்கள் தங்கள் ஊருக்கென்று பாடினார்கள், உலகத்துக்கென்று பாடவில்லை. நாம் அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டோம், அவர்கள் செய்த காரியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் உதவி ஐயரும் ஒரு வாத்தியாரும் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

புதுப்பாட்டுகளில் பெரும்பாலானவை மட்டமாக இருக்கின்றன, அடுத்த ஆண்டே மறைந்துவிடுகின்றன என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போடப் போவதில்லை. மறையட்டும். கீர்த்தனைப் புத்தகத்தில் தங்கிய ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் தங்காமல் போன எத்தனையோ பாட்டுகள் இருந்திருக்கும். விளைச்சலைச் சலிக்கும் வேலையைச் சபையின் வாய் தானாகவே செய்துவிடும்.

ஆனால் எழுதுகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. பனியையே எடுத்துக்கொள்வோம். வாழ்த்து அட்டையில் வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பதற்கும் தமிழில் பனி என்றுதான் சொல்கிறோம். மார்கழியில் வைக்கோற்போரின் மேல் இறங்குவதும் பனிதான். மொழி நமக்குத் தற்செயலாகக் கொடுத்த வரம் இது. 'வெண்பனி தூவும் இரவு' என்று எழுதுகிறவர் அட்டையைப் பார்த்து எழுதுகிறார். 'பனி இறங்குது, பிள்ளை காதை மூடு' என்று எழுதுகிறவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறார். மேய்ப்பர் கதையும் அப்படித்தான். ஓவியங்களில் அவர்கள் கையில் வளைந்த கோலோடு புல்மேட்டில் நிற்பார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை மறித்து, எருவுக்காக ஊர் ஊராகப் போகும் கிடைக்காரர்களை மதுரை, சிவகங்கைச் சீமையில் இன்றும் காணலாம். இரவு முழுக்கச் சாமக் காவல் இருக்கிறவர்கள் அவர்கள். கிடையில் குட்டி ஈனும் ஆட்டுக்கு அங்கேயே பேறு பார்ப்பார்கள். ஈரக்குட்டியைத் துடைத்து, குளிர் படாமல் ஓலைக்கூடையைக் கவிழ்த்து மூடுவார்கள். தூதன் போய்ச் செய்தி சொன்னது இப்படிப்பட்டவர்களிடம் என்றால் கதை எவ்வளவு பொருந்திவிடுகிறது! காடியில் கிடக்கும் பச்சைப்பிள்ளையைக் கண்டால் கும்பிடுவதற்கு முன்னால் அவர்கள் கை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்.

கடைசியாக, நம் குடும்ப வழக்கத்திலிருந்து ஒன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கத்து ஒழுங்கு. வளைகாப்புப் போட்டு, கட்டுச்சோறு கட்டி, மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிள்ளை பிறந்தால் சேனை வைக்க ஆள் வேண்டும். தொட்டில் சீர் கொண்டுவரத் தாய்மாமன் வேண்டும். நம் தாலாட்டுகளில் தகப்பனைவிட மாமன்தான் அதிகம் வருகிறான். அவன் கொண்டுவரும் பொன்னும் பட்டும் கரும்பும் பட்டியல் போட்டுப் பாடப்படும். இந்தக் காதோடு லூக்காவைக் கேளுங்கள். குடிமதிப்பு எழுதுவதற்காக நிறைமாதக்காரி ஒருத்தி புருஷன் ஊருக்கு நடத்திக்கொண்டு வரப்படுகிறாள். தாய் பக்கத்தில் இல்லை, மாமன் இல்லை, சத்திரத்தில் இடமில்லை. ஐரோப்பியக் காதுக்கு இது வறுமை. தமிழ்க் காதுக்கு இது அதற்கும் மேலான ஒரு குறை. தாய்வீடு இல்லாத தலைப்பிள்ளை. அந்தக் குறையை ஒரு தாலாட்டு பாடினால், சீர் கொண்டுவந்த மாமனாகக் கிடைக்காரனைத்தான் பாட வேண்டியிருக்கும். அவன் கொண்டுவந்த சீர் ஒரு சொம்பு ஆட்டுப்பாலும் ஒரு கம்பளியுமாக இருக்கும். இன்னும் ஒருத்தியும் அங்கே இருந்திருக்க வேண்டும். நற்செய்தி நூல்கள் அவளைச் சொல்லவில்லை. யாக்கோபின் பெயரால் வழங்கும் இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்று பேறு பார்க்க ஒரு பெண் வந்ததாகச் சொல்கிறது. நம் கிராமங்களில் அவளுக்கு மருத்துவச்சி என்று பெயர். சிகை திருத்தும் குடும்பத்துப் பெண். பிரசவம் வீட்டிலேயே நடந்த காலத்தில் ஊரில் பிறந்த பல சாதிப் பிள்ளைகளையும் முதலில் தொட்டது அவள் கை. தொப்புள்கொடி அறுத்து, தலையைத் தடவி உருட்டி, வெந்நீர் ஊற்றிவிட்டு, பிள்ளை அழுத சத்தம் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலுக்கு வெளியே வந்து, நெல்லுக்காகவும் பழஞ்சேலைக்காகவும் காத்து நிற்பாள். பெத்லகேமில் அன்றிரவு அந்தக் கைகளுக்கு என்ன கூலி கிடைத்தது, வாசல் என்று ஒன்று இல்லாத அந்தத் தொழுவத்தில் அவள் எங்கே போய் நின்றாள் என்று கேட்டு எழுதப்படும் கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்கு, வாடிப்பட்டியிலும் திருமங்கலத்திலும் கும்மி மெட்டு காத்துக்கொண்டிருக்கிறது.